ஐந்நூறு கிலோமீட்டர் மாப்பிள்ளை

ஈப்போ பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கியபோது மாப்பிள்ளை வந்திருந்தார், மோட்டார் சைக்கிள் வரவில்லை. அப்போதே எனக்கு மனசுக்குள் ஒரு நெருடல்.

எங்களுக்கு வந்த போட்டோவில் இரண்டும் சேர்ந்துதான் இருந்தன. சிவப்பு வண்டி, அதன் கைப்பிடி மேல் ஒரு கை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம். பின்பக்கம் அஞ்சலை அத்தை எழுதியிருந்தார்: 'மகன் சேகரன். மோட்டார் கடையில் வேலை. சொந்தமாகப் புது மோட்டார் வைத்திருக்கிறான்.' அத்தை என் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். சின்ன வயசிலேயே மலேயாவுக்குப் போனவர். பொங்கலுக்கு ஒரு கடிதம், தீபாவளிக்கு ஒரு கடிதம் என்று ஒட்டிக்கொண்டிருந்த உறவு. என் தங்கை வசந்தா அந்தப் போட்டோவை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

நான் அப்படிச் சட்டென்று சரி சொல்கிறவள் இல்லை. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினேழு வருஷமாக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள். பொய் சொல்லும்போது மனிதர்களுக்குக் குரல் எந்த இடத்தில் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். போதாக்குறைக்கு, எங்கள் தெருப் பெண் ஒருத்தியை இப்படித்தான் போட்டோ பார்த்துக் கப்பலேற்றி அனுப்பினார்கள். போய் இறங்கினால், அந்த வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒருத்தி கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பா, அம்மா இல்லாத வீட்டுக்கு மூத்தவள் நான். நேரில் பார்க்காமல் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டு, சேர்ந்து கிடந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு எண்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் கிளம்பினேன்.

"உங்க வண்டி எங்கே, தம்பி?" என்று இறங்கியதும் கேட்டேன்.

"வண்டி வீட்டுல இருக்குக்கா. இஞ்சின் இன்னும் பழகல. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் ரெண்டு பேர் ஏறக்கூடாது" என்றார் சேகரன். முறைக்கு என்னை மதினி என்று கூப்பிட வேண்டும். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் அக்காதான்.

எங்கள் ஊரில் மொபெட்டில் நாலு பேர் போகிறார்கள். இஞ்சின் பழகவில்லையாம். டாக்ஸியில் போகும்போது அவரையே கவனித்தேன். ஒல்லி உடம்பு, இருபத்தொன்பது வயசு, நகத்தைச் சுற்றிக் கழுவிப் போகாத கறுப்பு மசகு. ஜன்னலுக்கு வெளியே செங்குத்தாகச் சுண்ணாம்பு மலைகள் வந்துகொண்டே இருந்தன. மலைக்கோட்டையை நாங்கள் எவ்வளவு பெருமையாகப் பேசுவோம்! இங்கே வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துணி காயப்போடுகிறார்கள்.

வீடு புந்தோங்கில். பலகைச் சுவர், தகரக் கூரை. தெரு முழுக்கக் கடலை வறுக்கிற வாசம். அந்தப் பேட்டையில் பாதிக் குடும்பங்களுக்கு அதுதான் தொழில். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் மரத்தைக் கீறிப் பால் வெட்டிய அத்தையும், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு இங்கே வந்து கடலை வறுக்கிறார்.

"வாம்மா. வழியில பசியாறுனியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காலைப் பலகாரம் சாப்பிடுவதை அங்கே பசியாறுவது என்கிறார்கள். கேட்ட உடனே எனக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று கொஞ்சம் எச்சரிக்கையும் ஆனேன்.

வண்டி முன்னறையில் சாக்கு விரிப்பின் மேல் நின்றது. அதே சிவப்பு. நம்பர் பலகையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, இது கடை நம்பர், சொந்த நம்பர் இன்னும் வரவில்லை என்றார் சேகரன். மீட்டரைக் குனிந்து பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணைப் பார்த்தால் மறக்காது எனக்கு, தொழில் அப்படி.

சாப்பாட்டின்போது விசாரணையை ஆரம்பித்தேன். நெத்திலிக் கருவாட்டுச் சம்பலும், குண்டு குண்டான முளைப்பயறு வதக்கலும் போட்டார் அத்தை. அந்த முளைப்பயறு மாதிரி நான் எங்கும் சாப்பிட்டதில்லை. சேகரனிடம் என்ன சம்பாத்தியம், யார் யார் சிநேகிதம், இத்தனை வயசு வரைக்கும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு வரி, அரை வரி. இஞ்சின் பழகுவது என்றால் என்ன என்று கேட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். புது இஞ்சினுக்குள் பிஸ்டனும் அது ஓடுகிற குழாயும் இன்னும் சொரசொரப்பாக இருக்கும், ஒன்றோடொன்று உரசித்தான் வழவழப்பாகும், அதுவரை சூடு ஏறவிட்டால் இரண்டும் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது. ஐம்பதுக்குள்ளும் ஒரே வேகத்தில் போகக்கூடாது, ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். மேட்டில் வண்டியைத் திணறவிடக்கூடாது. நடுநடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

"இதுல அவசரப்பட்டா, அப்புறம் ஆயுசுக்கும் புகைதான்" என்றார்.

எக்ஸ்சேஞ்சில் ஒரு பாடம் உண்டு. மறைக்கிறவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமாட்டான், தனக்குப் பிடித்த கேள்விக்குச் சொல்வான். அன்று ராத்திரி என் சின்ன நோட்டில் 212 என்று எழுதிவைத்தேன்.

மறுநாள் காலையில் அத்தைக்குத் தெரியாமல் தெருமுனை பாய் கடைக்குப் போனேன். ராமநாதபுரத்துப் பக்கத்து மனிதர், ரொட்டி மாவை வீசி வீசி மேசையில் அடித்துக்கொண்டிருந்தார். காப்பி கேட்டேன். கறுப்பாக, அடியில் கெட்டிப்பால் தங்கி வந்தது. கலக்காமல் குடித்துவிட்டு இது என்ன கசாயம் என்று முகம் சுளித்தேன். அவரே வந்து கலக்கிக் கொடுத்தார். அஞ்சலை அம்மாள் மகன் எப்படி என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"நல்ல பையன்மா. மெதுவா ஓட்டுவான்" என்றார். சொல்லிவிட்டுத் தானாகச் சிரித்துக்கொண்டே ரொட்டிக்குத் திரும்பிவிட்டார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வரும் வழியில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், தம்பி மோட்டார் வாங்கி எத்தனை நாள் ஆகிறது என்று போட்டுப் பார்த்தேன். "எந்த மோட்டார்க்கா?" என்றாள். அத்தை உள்ளிருந்து ஏதோ வேலை சொல்லி அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மீட்டரில் முந்நூற்று முப்பத்தொன்று. ஒரே நாளில் நூற்றுப் பத்தொன்பது கிலோமீட்டர். கடையோ அதே பேட்டையில் லகாட் சாலையில் இருப்பதாகச் சொன்னார்கள். அப்படியானால் மீதித் தூரம் எங்கே? கேட்டேன். "சும்மாதான்க்கா. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம்" என்றார் சேகரன். குரல் வழுக்கிய மாதிரியும் இருந்தது, வழுக்காத மாதிரியும் இருந்தது.

மூன்றாம் நாள் அத்தை என்னைக் குகைக்கோயிலுக்கும் பாசாருக்கும் கூட்டிப்போனார். சந்தைக்கு அங்கே பாசார் என்று பேர். தேங்காய்ப் பருமனில் பம்பளிமாஸ் பழம் வாங்கித் தந்தார். உரித்துத் தின்றால் எங்கள் ஊர்ச் சாத்துக்குடிக்கெல்லாம் அது பெரியப்பா. பத்து நிமிஷம் பெய்த மழையில் இருவரும் முழுக்க நனைந்தோம். அதற்குள் மகனைப் பற்றி எட்டுக் கேள்வி கேட்டேன். எட்டுக்கும் என் தங்கையைப் பற்றிய கேள்விதான் பதிலாக வந்தது. அன்றைய மீட்டர் நானூற்று நாற்பத்தெட்டு.

இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை, எங்கேயோ ஒரு பெண் இருக்கிறாள். சேகரன் குளிக்கப் போன நேரம் வண்டியைச் சோதித்தேன். பின் சீட்டில் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. மோந்து பார்த்தேன், பிளாஸ்டிக் வாசம் மட்டும். ஹெல்மெட்டுக்குள் நீள முடி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். எங்கள் ஊரில் போலீஸ்காரர்கூட ஹெல்மெட் போடமாட்டார். இங்கே கீரை வாங்கப் போகிறவனும் போட்டுக்கொண்டுதான் போகிறான். முடி கிடைக்கவில்லை. தடயம் இல்லாமல் வைத்துக்கொள்கிற ஆள் என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் மீட்டர் முப்பத்தேழு காட்டியது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். முப்பத்தேழுதான். அதே சிவப்பு, கம்பியில் கட்டிய அதே நம்பர், அதே சாக்கு. நானூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி ஒரே நாளில் முப்பத்தேழுக்கு வந்து நிற்கிறது.

திருச்சிப் பாலக்கரையில் ஒரு ஸ்கூட்டர் தரகர் இருந்தார். மீட்டரைப் பின்னால் சுற்றி, பழசைப் புதுசு என்று விற்பதில் கெட்டிக்காரர். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரெல்லாம் ஓட்டிவிட்டு மீட்டரைக் குறைத்து, தெரியாத சனங்கள் தலையில் கட்டுகிறார்கள். அத்தையும் கூட்டு. பாயின் சிரிப்புக்கும், பக்கத்து வீட்டுக்காரியின் 'எந்த மோட்டார்'க்கும் இதுதான் அர்த்தம். வசந்தாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வேண்டாம், முதலில் கடைக்குப் போய் நேரிலேயே பிடிக்கலாம் என்று பேனாவை மூடினேன்.

ஐந்தாம் நாள் சேகரன் கிளம்பிப் போன பிறகு, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் "லகாட்" என்றேன். லகாட் சாலை என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ் மோட்டார் கடைகளையெல்லாம் தாண்டியது, வீடுகளைத் தாண்டியது. வெள்ளை மணல் மேடும் பச்சைத் தண்ணீர்க் குட்டைகளும் வந்தபோதுதான் ஏதோ தப்பு என்று எழுந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் காட்டினார். லகாட் என்று ஓர் ஊரே இருக்கிறது. ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய ஊர். இறக்கிவிட்ட இடத்தில் ஒரு வரிசைக் கடைகள், ஒரு நாய், நான்.

திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று சொன்னவள் சாப்பாட்டுக் கடைக்காரச் சீனத்தி. அதைத் தமிழில் சொன்னாள். திகைத்துப்போனேன். "தோட்டத்துல கடை வெச்சிருந்தோம்லா, இருபது வருசம்" என்றாள். நாற்காலி போட்டு, சோயாப்பால் கொடுத்தாள். குடித்துக்கொண்டே நிமிர்ந்தால், எதிரே குட்டையோரத் தார்ச் சடக்கில் வண்டியில் சேகரன் வருகிறார்.

நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் கவனிக்கவில்லை. மேட்டில் மெல்ல ஏறினார், இறங்கினார். கொஞ்சம் வேகம் எடுத்தார், குறைத்தார். திரும்பவும் ஏறினார். பிறகு மரத்தடியில் நிறுத்தி, இஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்தார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துச் சாப்பிட்டார். இப்போது வருவாள் என்று நான் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. சாப்பிட்ட இலையை மடித்துக் குப்பைத் தொட்டி வரைக்கும் நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்து, திரும்பவும் சூடு பார்த்தார். அவ்வளவுதான். கால்மணி நேரம் ஒருவர் வண்டியை ஆறவிடுவதைப் பார்ப்பது எவ்வளவு அலுப்பான காரியம் தெரியுமா?

சீனத்தி என் பார்வை போன பக்கம் பார்த்தாள். "அந்த ஆளா? தினம் வருவான். மோட்டார்தான் வேற வேற" என்றாள்.

"வேற வேறயா?"

"அவன் மோட்டார் இல்லலா. வாங்குற ஆளுங்க மோட்டார். இவன் பழக்கிக் கொடுப்பான்."

பாதிப் பாலை வைத்துவிட்டுச் சடக்கைக் கடந்து போனேன். என்னைப் பார்த்ததும் சேகரன் எழுந்து நின்றார்.

"நீங்களாக்கா?"

"இடம் மாறி வந்து இறங்கிட்டேன், தம்பி."

சத்தியமான உண்மை. அவர் அதை நம்பவில்லை. நாலு நாளாக அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் அவரைப் பார்த்த பார்வை இப்போது அவர் கண்ணில் இருந்தது. பின்தொடர்ந்து வந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். டிக்கெட்டை எடுத்துக் காட்டலாமா என்று யோசித்தேன். அதில் 'லகாட்' என்றுதான் இருக்கும்.

"இந்த வண்டி யாரோடது?" என்றேன்.

"பாக்கியம்னு ஒரு அக்காவோடது. சுங்கை சிப்புட் பக்கம் பால் வெட்டுறாங்க."

"நேத்து வரைக்கும் வீட்டுல நின்னது?"

"அது வேற ஆளோடது. நேத்துக் காலைல ஐந்நூறு ஆச்சு, கொடுத்துட்டேன்."

"உங்களோடது எது?"

"எனக்கு மோட்டார் கிடையாதுக்கா" என்றார்.

அந்தக் குரல் எந்த இடத்திலும் வழுக்கவில்லை.

பிறகு சொன்னார். தோட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் லயத்து வரிசை வீட்டிலிருந்து மரத்துக்கு நடந்தே போனார்கள். துண்டு போட்டு விற்ற பிறகு, காண்டிராக்டில் பால் வெட்டுகிறவர்களுக்கு இங்கே ஒரு துண்டு, ஆறு மைல் தள்ளி இன்னொரு துண்டு. மோட்டார் இல்லாமல் பிழைப்பு இல்லை. பரம்பரையில் முதல் வண்டி. எடுத்த அன்றைக்கே மூன்று பேராக ஏறிக் கோயிலுக்கு விரட்டுவார்கள், ஒரு மாதத்தில் இஞ்சின் பிடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பி வரும். வண்டி நின்றால் வேலையும் நின்றது. இப்படிப் பத்து வண்டி வந்த பிறகு கடை முதலாளியான தவுக்கேயே சேகரனிடம், நீ பழக்கிக் கொடு என்று சொன்னாராம். வாங்குகிறவர்களுக்கும் தெரியும், அவர்களே கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஐந்து வருஷமாக இதுதான் வேலை.

"இத்தனை புது வண்டி ஓட்டியிருக்கீங்க. ஒரு தடவையாவது வேகமாப் போனதுண்டா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஐம்பதுக்கு மேல போனதில்லக்கா. போகலாம்னு ஆகும்போது வண்டி போயிடும்."

நான் மனசுக்குள் ஐந்து நாளையும் திருப்பிப் போட்டுக் கேட்டேன். 'வண்டி வீட்டுல இருக்கு' என்றார். 'இஞ்சின் பழகல' என்றார். ஒரு தடவைகூட என் வண்டி என்று சொல்லவில்லை. ஆனால் நான் 'உங்க வண்டி' என்றபோது இல்லை என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்டேன்.

"அம்மா அப்படி எழுதியிருக்காங்கன்னு நீங்க அன்னிக்குப் பஸ் ஸ்டாண்டுல கேட்டப்பதான் எனக்குத் தெரியும். அங்கேயே சொல்லியிருக்கணும். அம்மாவை விட்டுக் கொடுக்க வாய் வரல. அப்புறம் ஒவ்வொரு நாளும் கஷ்டமாயிருச்சு."

எனக்குத் திரும்பும் பஸ் வந்தது. அவர் பின்னால் வண்டியில் வந்தார். ஐம்பதைத் தாண்டக்கூடாதே, இரண்டாவது வளைவிலேயே பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

வீட்டில் அத்தை அடுப்பு முன்னால் கடலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கரண்டி நிற்கவில்லை.

"ரெண்டு எடத்துலேருந்து வந்து பாத்தாங்க. மோட்டார்கூட இல்லையான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. வாசல்லதான் எப்பப் பாத்தாலும் ஒரு புது மோட்டார் நிக்குதே, அதை நானா கொண்டாந்து நிறுத்துனேன்?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "வண்டி இல்லாதவனுக்கு எவம்மா பொண்ணு குடுப்பா? நீ குடுப்பியா?"

மறுநாள் கடைக்குப் போனேன். வீட்டிலிருந்து நடந்தே பத்து நிமிஷம். தவுக்கே என்னை வாடிக்கைக்காரி என்று நினைத்து ஒரு வண்டியைத் தட்டிக் காட்டி, "சேகரன் ஓட்டினது, நல்லது" என்றார். பாயிடம் போனால், "மெதுவா ஓட்டுவான்னு அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றார். இருந்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. ஒன்றை மறைத்த வீட்டில் இன்னொன்று இருக்காதா? அத்தை இல்லாத நேரம் அலமாரியைத் திறந்து பார்த்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சான்றிதழ், சேகரனுடைய அப்பாவின் மரணச் சான்று, மடித்த ஒரு பட்டு வேட்டி.

எட்டாம் நாள் பாக்கியத்தின் வண்டியை ஒப்படைப்பதைப் பார்க்க, அத்தையும் நானும் பஸ்ஸில் அத்தை பால் வெட்டிய அந்தப் பழைய தோட்டத்துக்குப் போனோம். சேகரன் வண்டியில் முன்னாலேயே கிளம்பிவிட்டார். ரப்பர் மரம் பாதி, மீதியில் வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப் பனை நட்டிருந்தார்கள். லயத்து வீடுகளில் நாலில் ஒன்றில்தான் ஆள். இருக்கிற வீட்டு வாசல்களில் மட்டும் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஒரு மோட்டார்.

பாக்கியத்துக்கு நாற்பது வயசிருக்கும். தலையில் துண்டு, முழங்கை வரை காய்ந்த பால் கறை. கற்பூரத் தட்டோடு நின்றார். அவர் கணவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓட்டப்போவது பாக்கியம்தானாம். சேகரன் தரையில் உட்கார்ந்து பழைய எண்ணெயை ஒரு தகரத்தில் வடித்தார். கொஞ்சம் கையில் எடுத்து வெயிலில் சாய்த்துக் காட்டினார். கறுப்பு எண்ணெய்க்குள் பொடிப் பொடியாக உலோகம் மின்னியது. ஐந்நூறு கிலோமீட்டரில் உள்ளே தேய்ந்து வந்தது இவ்வளவு, இனிமேல் இப்படித் தேயாது என்றார். புது எண்ணெய் ஊற்றினார், கம்பியை அவிழ்த்துக் கடை நம்பரைக் கழற்றிவிட்டு வண்டிக்கு வந்திருந்த நம்பரைத் திருகினார், பின் சீட்டின் பிளாஸ்டிக் உறையை உரித்தார், சாவியைக் கொடுத்தார்.

பாக்கியம் கேட்ட முதல் கேள்வி: "இனிமே வேகமாப் போலாமா, தம்பி?"

"போலாம்க்கா" என்றார் சேகரன்.

பாக்கியம் அந்தச் செம்மண் பாதையில் போன வேகத்தைப் பார்த்து அவர் கணவர் முருகா என்றார். சேகரன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு, எங்களோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்தார்.

பஸ்ஸில் அத்தை தூங்கிவிட்டார். வசந்தாவுக்கு நான் என்ன எழுதட்டும் என்று அவரிடமே கேட்டேன்.

"மோட்டார் இல்லைன்னு முதல்ல எழுதுங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

அப்படியே எழுதினேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அலமாரியைத் திறந்ததை மட்டும் விட்டுவிட்டேன். பதில் வருகிற வரைக்கும் முன்னறையில் இரண்டு வண்டிகள் வந்து போயின. மீட்டர் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை. இப்போது ஐந்நூறு எப்போது ஆகும் என்று பார்த்தேன்.

வசந்தாவின் பதில் நாலே வரி. 'மோட்டார் எனக்கு வேண்டாம். அத்தை எழுதியதற்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் நீ கேட்டபோது ஏன் சும்மா இருந்தார்? அதை நீ எழுதாதே, அவரை எழுதச் சொல்.'

சேகரன் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினார். கிழித்தார், எழுதினார். நான் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் கவரைக் கையில் கொடுத்தார். ஒட்டாமல் இருந்தது. ஒட்டவில்லையே என்றேன். "நீங்களே ஒட்டிக்குங்கக்கா" என்றார்.

கப்பலில் முதல் நாள் அதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் இரண்டு தடவை வெளியே எடுத்து, இரண்டு தடவையும் உள்ளே வைத்தேன். தங்கையின் வாழ்க்கை, மூத்தவள் படித்துப் பார்ப்பதில் என்ன தப்பு என்று எனக்கு நானே வக்கீல் ஆனேன். மூன்றாம் நாள் மேல்தளத்தில் ஆளில்லாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 'வசந்தாவுக்கு, இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் உங்கள் அக்கா படிப்பார்கள், படிக்கட்டும்.'

காற்று அடித்துக்கொண்டிருந்தது. காது வரைக்கும் சுட்டது எனக்கு. மடித்து உள்ளே வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நாலு பருக்கையை எடுத்து நசுக்கி, ஓரம் விடாமல் ஒட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டிய இடத்தில் ஒரு பருக்கை காய்ந்து துருத்திக்கொண்டிருந்தது.

"படிச்சியா?"

"ஒரு வரிதான்" என்றேன்.

அடுத்த தையில் கல்யாணம் நடந்து, அவள் புந்தோங்குக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள், மீதியை எப்போது படித்தேன் என்று. படிக்கவில்லை என்று சொன்னால் நம்புவதில்லை.